காலை ஆறு பதினாலு நெலவரம்

ஒரகடம் சாலையின் இரு பக்கமும் எத்தனையோ ஆயிரம் பேர் மூன்று ஷிப்டுகளில் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் நிகழ்காலத்தில் வாழ்ந்தவர் ஒரே ஒருவர்தான். மற்ற நாங்கள் எல்லோரும் குறைந்தது அரை மணி நேரம் பழையவர்கள்.

அவரை நெலவரம் என்று கூப்பிடுவோம். அடையாள அட்டையில் வேறு ஏதோ பெயர் அச்சாகியிருந்தது. அதைப் படித்தவர்கள் வாயில் காவலாளிகள் மட்டும். யார் எதைச் சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: “எப்ப நெலவரம்?” மழை பெய்கிறது என்றாலும் அதுதான். மேனேஜர் வந்துவிட்டார் என்றாலும் அதுதான். கையில் இரண்டு கடிகாரம் கட்டியிருப்பார். ஒன்று மணி பார்க்க, மற்றது முதல் கடிகாரத்தைச் சரிபார்க்க.

கார் கதவுப் பூட்டின் உள்பாகங்களைச் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். நட்டு, போல்ட்டு, பேரிங் அவருடைய ராஜ்ஜியம். மின்சார வயர் தொடங்கும் இடத்தில் அந்த ராஜ்ஜியம் முடிந்துவிடும். நான் பத்திரிகையில் பல ஆண்டுகள் பிழை திருத்திவிட்டு, அங்கே அறிவிப்புப் பலகைக்குத் தமிழ் எழுதும் வேலைக்குப் போயிருந்தேன். ‘ஈரத் தரை, கவனம்’, ‘கையுறை இன்றித் தொடாதீர்’ ஆகியவை என் படைப்புகள். அதனால் நெலவரம் என்னை ‘நோட்டீஸு’ என்பார். மரியாதை கூடிய நாட்களில் ‘நோட்டீஸ் சார்’.

முதல் நாள் காலை ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றபோது, பக்கத்தில் நின்றவரிடம் பஸ் போய்விட்டதா என்று கேட்டேன். அவர் இரண்டு கடிகாரங்களையும் பார்த்தார்.

“இப்ப அஞ்சு பதினேழு. இதுவரைக்கும் போவல. இதுக்கு மேல இன்னா ஆவும்னு என்னைக் கேக்காத.”

கான்டீன் பலகையில் ‘சாம்பார் சாதம்’ என்று எழுதியிருந்தால், “இது எப்ப எழுதனது?” என்று விசாரிப்பார். “காலைலண்ணா.” “அப்ப அது காலை நெலவரம்.” நேராக உள்ளே போய் அண்டாவின் மூடியைத் திறப்பார். பாதி நாட்கள் எலுமிச்சை சாதமாக இருக்கும். வீட்டிலிருந்து அவர் மனைவி போன் செய்து சாப்பிட்டீர்களா என்று கேட்டால், சாப்பிட்டேன் என்றோ இல்லை என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. “சாப்ட்டுகினே கீறேன். மூணாவது இட்லி. பாதி.”

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் தலைமை அலுவலகம் ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரை அனுப்பிவைத்தது.

அது ஒரு டேப்லெட்டில் வந்தது. தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லும். பளபளப்பாக வந்து இறங்கி, வீட்டைப் பற்றி எதுவும் தெரியாமல், எல்லோரையும் மரியாதையாக நடக்கவைத்ததால் அதற்கு மாப்ள என்று பெயர் விழுந்தது. பெயர் வைத்தது மண்ணூர் சரோஜா, மூன்றாவது லைனின் லீடர். அந்த லைனில் அவளோடு சேர்த்துப் பதினொரு பெண்கள். ஏழு பேர் இருங்காட்டுக்கோட்டையில் ஒரே வாடகை வீட்டில் இருந்தார்கள்.

மாப்ள வந்த இரண்டாம் நாள் மூன்றாவது லைன் நின்றுபோனது. பெல்ட் அறுந்து கிடந்தது. நெலவரம் ஸ்பானரோடு குனிந்திருந்தார். மேனேஜர் மாப்ளயிடம் கேட்டார். ‘மூன்றாவது லைன் நன்றாக ஓடுகிறது’ என்றது மாப்ள. சரோஜா சிரித்த சிரிப்பு பெயின்ட் ஷாப் வரை கேட்டது.

நெலவரம் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, கிரீஸ் விரலால் திரையைத் தட்டி, தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“எப்ப நெலவரம்?”

‘நேற்று இரவு பன்னிரண்டு மணி நிலவரப்படி’ என்று பதில் வந்தது.

அவர் முகத்தில் அன்று நான் கண்ட ஒளியைப் பிறகு ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். “யோவ் நோட்டீஸு! இருவது வருஷமா இந்தக் கேள்வியக் கேட்டுகினு கீறேன். நேரத்தோட பதில் சொன்ன மொத ஆளு இவன்தான்யா!”

அன்றிலிருந்து மாப்ள அவருடைய மாப்ள ஆகிவிட்டது. குறை அதனிடம் இல்லை, அதற்குப் போடுகிற சாப்பாட்டில் இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததை எல்லோரிடமும் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

விஷயம் இதுதான். ஒன்றரை வருடத்துக்கு முன்பே வெளியூர் ஒப்பந்தக்காரர்கள் வந்து எல்லா இயந்திரங்களிலும் சென்சார்கள் பொருத்தியிருந்தார்கள். அவை விநாடிக்கு விநாடி அனுப்பும் தகவல் ஒரு தரவுத்தளத்தில் விழுந்துகொண்டே இருந்தது. விழும்போதே கணக்கிட்டுக்கொண்டும் இருக்கக்கூடிய தரவுத்தளம் அது. ஆனால் அந்த ஓட்டத்தை யாரும் பார்க்கவில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு அதிலிருந்து ஒரு மொத்தக் கணக்கு அறிக்கையாக வரும். தலைமை அலுவலகமும் மாப்ளயும் படித்தது அந்த அறிக்கையை.

“ரிப்போர்ட்னா டேங்கு தண்ணி. இது கொழா தண்ணி. கொழா பக்கத்துலயே கீது. மாப்ள டேங்குல மொண்டு குடிக்கிறான்” என்பார் நெலவரம்.

இது வெறும் கிறுக்காகவே முடிந்திருக்கும். ஆனால் அந்த மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்றாவது லைன் வாரந்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நிற்கிறது. காரணம், அறிக்கையின்படி: ‘ஆள் இல்லை’. இருந்தும் உற்பத்தி எண்ணிக்கை குறையவில்லை. இதிலிருந்து தலைமை அலுவலகம் ஒரு முடிவுக்கு வந்தது. இரண்டு மணி நேரம் சும்மா இருந்தே இவ்வளவு செய்கிறார்கள் என்றால் அந்த லைனில் ஆட்கள் அதிகம். எனவே அடுத்த மாதம் முதல் மூன்றாவது லைனை இரண்டாவதோடு சேர்த்துவிடலாம். பதினொரு பேரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. கடைசி முடிவு இன்ன வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, வீடியோ கூட்டத்தில்.

கடிதத்தை மொழிபெயர்த்துப் படித்துக் காட்டும் வேலை எனக்கு வந்தது.

“ஆள் இல்லியா?” என்றாள் சரோஜா. “அப்ப நான் இன்னா, ஆவியா? சொல்லு சார், நான் ஆவியா?”

நான் சிறிது விசாரித்தேன். லைன் நின்றால் காரணத்தைத் திரையில் தேர்ந்தெடுக்க வேண்டும். யாரும் எதையும் தொடாவிட்டால் பட்டியலில் முதலில் இருப்பது தானாகப் பதிவாகிவிடும். அப்படி முதலில் இருந்தது ‘ஆள் இல்லை’. சரி, ஆனால் லைன் எப்போது நிற்கிறது? சரோஜாவும் மற்றப் பத்துப் பேரும் அடித்துச் சொன்னார்கள்: பெல்ட் அறுந்த அன்றைத் தவிர நிற்பதே இல்லை. கடிதத்தோடு வந்த கணக்கில் இருந்ததோ வாரத்தின் மொத்த நிமிடங்கள் மட்டும். எந்த நாள், எந்த நேரம் என்ற பேச்சே அதில் இல்லை.

நெலவரம் மேனேஜர் அறை வாசலில் போய் நின்றார். மாப்ளயை நேரடி ஓட்டத்தோடு இணைக்க வேண்டும் என்றார். “அதான் டெய்லி ரிப்போர்ட் வருதேய்யா” என்றார் மேனேஜர். மறுநாளும் நின்றார். அதே பதில். மூன்றாம் நாள் கையில் ஒரு டம்ளர் டீயோடு உள்ளே போனார். மேனேஜர் ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

“என்னய்யா இது? கெட்டுப்போன டீயைக் கொடுக்கறே!”

“நேத்து டீ சார். நேத்து அருமையா இருந்துச்சு. ரிப்போர்ட்டும் அப்டித்தான்.”

மேனேஜர் முதலில் வாய் கொப்பளித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

இணைக்கும் வேலை, கணினிப் பிரிவில் இருந்த திவ்யாவிடம் வந்தது. கோயம்புத்தூர்ப் பெண், கோபத்தைக்கூட மரியாதையோடுதான் காட்டுவாள். மேனேஜருக்கு ஒரே பயம், மாப்ள போய் லைனை நிறுத்திவிட்டால்? “நிறுத்தாதுங்க சார். படிக்க மட்டுந்தான் அனுமதி குடுக்கறோம். எதையும் மாத்த முடியாதுங்க” என்றாள் திவ்யா. நெலவரம் மொழிபெயர்த்தார்: “பொண்ணு பாக்க வந்த மாதிரி சார். பாக்கலாம், தொடக்கூடாது.”

ஒவ்வொரு கேள்விக்கும் கோடிக்கணக்கான பதிவுகளைப் புரட்டத் தேவையில்லை என்றும் அவள் விளக்கினாள். ‘எந்த லைன் ஓடுகிறது, எது எப்போதிலிருந்து நிற்கிறது’ என்ற கேள்வியைத் தரவுத்தளத்தில் ஒரு முறை எழுதிவைத்துவிட்டால் போதும். புதிய தகவல் வர வர, பதில் தன்னைத் தானே திருத்திக்கொண்டே தயாராக நிற்கும். மாப்ள வந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நெலவரம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “இதத்தாம்மா நான் இருவது வருஷமா மண்டைக்குள்ள பண்ணிகினு கீறேன். எல்லாரும் லூசுன்றாங்க.”

“லூசு இல்லீங்ணா. நீங்க வேற மாதிரி டேட்டாபேஸுங்ணா.”

அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். அது பாராட்டுதான்.

என் பங்கு, மாப்ளக்கு ஊர் மொழி சொல்லிக்கொடுப்பது. ஓடுது என்றால் ஓடுகிறது. இழுத்துகினு கீது என்றால் வேகம் குறைந்திருக்கிறது. நின்னு நின்னு ஓடுது என்றால் அடைப்பு. படுத்துகிச்சு என்றால் ஃபிட்டரைக் கூப்பிட வேண்டும். நெலவரம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: மாப்ள ஒருநாளும் ‘தோ’ என்று சொல்லக் கூடாது. எங்கள் பக்கம் ‘தோ ஆய்டும்’ என்றால் அந்த நொடிக்கும் அடுத்த பொங்கலுக்கும் இடையே ஏதோ ஒரு நேரம்.

முதல் சோதனையில் ஒரு விபத்து. மத்தியானம் மூன்று மணிக்கு, லைன் ஓடுகிறது என்று சரியாகச் சொல்லிவிட்டு, ‘காலை ஒன்பதரை நிலவரப்படி’ என்று முடித்தது மாப்ள. நெலவரம் முதல் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, எந்த ஊரு மணி பாக்கறான் இவன்?”

தரவுத்தளம் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். “வூட்டோட மாப்ளன்னா வூட்டு மணிதான் பாக்கணும்” என்று தீர்ப்பு வந்தது. திவ்யா மாற்றினாள். எல்லாம் முடிந்தபோது வியாழன் மாலை. மறுநாள் பதினொரு மணிக்குக் கூட்டம்.

வெள்ளிக்கிழமை காலை ஷிப்டுக்கு நானும் திவ்யாவும் போனோம். ஆறு மணிக்கு லைன் ஓடத் தொடங்கியது. வெள்ளிக்கிழமைகளில் நெலவரம் இயந்திரத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஸ்பானர் எடுப்பார். முன்பு கற்பூரம் ஏற்றுவாராம். ‘உற்பத்திப் பகுதியில் தீ ஏற்றக் கூடாது’ என்று நான் ஒரு நோட்டீஸ் எழுதிய பிறகு கற்பூரம் நின்றது. அதற்கு ஈடாகப் பொட்டின் அளவு கூடியது. சந்தனம் குழைத்து ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு, அதன் நடுவில் குங்குமம். வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, டேப்லெட்டை எடுத்தார்.

“மாப்ள, லைன் மூணு இன்னா நெலவரம்?”

‘மூன்றாவது லைன் 6:14 முதல் நின்றிருக்கிறது. பதிவான காரணம்: ஆள் இல்லை. காலை 6:19 நிலவரப்படி.’

லைன் எங்கள் முன்னால் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு பேரும் நின்றிருந்தார்கள். சரோஜா ஒரு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தியா உன் மாப்ளய? கொழா தண்ணி குடுத்தும் பொய் சொல்றான்!”

நான் அவளுடைய கட்சிதான். திவ்யா டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள். நெலவரம் மட்டும் அசையவில்லை. தன் கண் முன்னால் ஓடும் லைனை நம்புவதா, தான் அடம்பிடித்துக் கொண்டுவந்த நேரடித் தகவலை நம்புவதா? வேறு யாராக இருந்தாலும் டேப்லெட்டை மூடியிருப்பார்கள். அவர் இன்னொரு கேள்வி கேட்டார்.

“ஆறு பதிமூணுக்கு இன்னா பண்ணிச்சு?”

‘6:13க்கு ஓடிக்கொண்டிருந்தது. வேகம் சீராக இருந்தது.’

“பதிமூணுக்கு ஓடிச்சு. பதினாலுக்கு நின்னுச்சு.” தனக்குள் சொல்லிக்கொண்டார். “பதினாலுக்கு நான் இன்னா பண்ணேன்?”

மெதுவாகத் தன் மோதிர விரலைப் பார்த்தார். நுனி சிவப்பாக இருந்தது.

லைனின் கடைசி இயந்திரத்தின் நெற்றியில், வட்டமாக ஒரு பளபளப்பான வில்லை உண்டு. சைக்கிள் மட்கார்டில் இருக்குமே, அதைப் போல. இருட்டில் ஃபோர்க்லிஃப்ட் வந்து மோதாமல் இருக்க ஒட்டியிருக்கிறார்கள் என்று நெலவரம் நினைத்திருந்தார். பொட்டு வைக்க அதைவிட லட்சணமான இடம் அந்த இயந்திரத்தில் கிடையாது. ஒன்றரை வருடமாக அங்கேதான் வைத்து வந்தார்.

திவ்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ அண்ணா! அது சென்சாரோட கண்ணாடிங்ணா! எதிர்ல இருந்து வர்ற லைட்டு அதுல பட்டுத் திரும்பணும். பூட்டு ஒண்ணொண்ணும் குறுக்க போறப்ப லைட்டு மறையும், அத வெச்சுத்தான் லைன் ஓடுதுன்னு கணக்கு. மறைச்சே வெச்சா, ஒரே பூட்டு அங்கயே நிக்குதுன்னு நெனச்சுக்குமுங்க!”

நெலவரம் தோளில் கிடந்த துணியால் பொட்டைத் துடைத்தார். “மாப்ள?”

‘மூன்றாவது லைன் ஓடுகிறது. காலை 6:27 நிலவரப்படி.’

மறுபடி வைத்தார். ஒரு நிமிடம் காத்திருந்தார். ‘நின்றிருக்கிறது.’ துடைத்தார். ‘ஓடுகிறது.’ வைத்தார். அப்போது அவர் முகத்தில் பார்த்தேன், முன்பு ஒரு முறை பார்த்த அதே ஒளியை.

“யோவ், நிறுத்துய்யா!” என்று சரோஜா கத்தினாள். “வெள்ளிக்கெழமையும் அதுவுமா மிஷினுக்குப் பொட்டு வெச்சு வெச்சு அழிக்கிறியே! அது இன்னாத்துக்கு ஆவும்?”

சொல்லிவிட்டு அவளும் நின்றுவிட்டாள். எட்டு மணிக்கு இயந்திரத்தைத் துடைப்பது அவள் வேலை. துடைத்தேன் என்று தினமும் அட்டவணையில் கையெழுத்துப் போடுகிறவள் அவள்தான். வெள்ளிதோறும் அவர் பக்தியோடு வைத்ததை இவள் பொறுப்போடு துடைத்திருக்கிறாள். இரண்டுக்கும் நடுவே அந்த இரண்டு மணி நேரம். இருவருமே வேலையில் கெட்டி.

பதினொரு மணிக்கு வீடியோவில் தலைமை அலுவலகத்தார் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முடிவை முன்பே எடுத்துவிட்டு வந்தவர்களின் களை அவர்கள் முகத்தில் இருந்தது. மேனேஜர், கூட்டத்தை லைன் பக்கத்திலேயே நடத்துவதாகச் சொன்னார். மாப்ள பார்க்கும் நேரடி நிலவரம் அவர்கள் திரையிலும் தெரியும்படி திவ்யா செய்திருந்தாள். நெலவரம் குங்குமச் சிமிழோடு கேமராவுக்கு முன்னால் வந்தார்.

“சார், வணக்கம். உங்க ஸ்கிரீன்ல லைன் மூணு இன்னா பண்ணுது?”

ஓடுகிறது என்றார்கள். பொட்டை வைத்தார். ஒரு நிமிடம் போனது. அங்கே ஒருவர் திரையில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு, “நின்னுடுச்சே!” என்றார். கேமராவில் லைன் ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு பெண்களும் கை அசைத்தார்கள். நெலவரம் பொட்டைத் துடைத்தார். “இப்ப?”

“ஓடுது.”

தலைமை அலுவலகத்தில் நடுவே உட்கார்ந்திருந்த அம்மையார், எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். திவ்யா அதை மாப்ளயிடம் கேட்டாள். ஒன்றரை வருட வெள்ளிக்கிழமைகள் வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கும் இருபதுக்கும் இடையே நிற்கிறது. எட்டு மணிவாக்கில் ஓடுகிறது. இரண்டே வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நிற்கவே இல்லை.

“அந்த ரெண்டு நாள் என்ன ஆச்சு?”

“என் பொண்ணு கல்யாணம் மேடம். லீவுல இருந்தேன்.” பிறகு அவர் விரலைத் தூக்கிக் காட்டினார். “தப்பு இந்த வெரலுது. ஆளுங்க ஒரு நாளும் எடத்த விட்டுப் போவல. பேப்பர்ல ‘ஆள் இல்லை’ன்னு கீது பாருங்க, அத மாத்திக் குடுங்க.”

அங்கே நின்ற யாருக்கும் அவர் வேலை என்ன ஆகும் என்ற எண்ணம் வராமல் இல்லை. அவருக்கு மட்டும் வந்ததாகத் தெரியவில்லை. அந்த அம்மையார் முதலில் வாயை மூடிக்கொண்டார், பிறகு கண்ணாடியைக் கழற்றினார், பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். மற்ற நால்வரும் அனுமதி கிடைத்ததுபோலச் சிரித்தார்கள். மூன்றாவது லைன் அப்படியே தொடரும் என்ற முடிவு பதினொன்று இருபத்திரண்டுக்குச் சொல்லப்பட்டது. நேரத்தை நான் குறிக்கவில்லை. நெலவரம் உரக்கச் சொன்னார், இரண்டு கடிகாரங்களையும் பார்த்து.

சரோஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரிடம் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்த்தோம். “ஒன்றர வருஷமா என்னை ஆவியாக்கி வெச்சிருந்தியேய்யா, பாவி!” என்றாள். பதினொரு பேரும் சிரித்துக்கொண்டே அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அன்று கான்டீனில் பலகை கேசரி என்றது, அவர் போய் மூடியைத் திறந்து பார்த்தார், கேசரியேதான்.

இனிமேல் பொட்டு வைக்கமாட்டீர்கள்தானே என்று மேனேஜர் கேட்டதற்கு, “வெப்பேன் சார். எடம் மாத்தி வெப்பேன்” என்று பதில் வந்தது. அதனால் தொழிற்சாலை விதிமுறைப்படி, இயந்திரத்தின் பக்கவாட்டில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு வட்டம் போட்டார்கள். அதற்கு மேலே ஒட்ட நான்தான் எழுதிக்கொடுத்தேன்: ‘பொட்டு வைக்குமிடம்’. என் எழுத்து வாழ்க்கையில் அனைவரும் கடைப்பிடித்த ஒரே நோட்டீஸ் அது. காரணப் பட்டியலிலும் ஒரு மாற்றம். இப்போது அதில் முதலில் இருப்பது ‘தெரியவில்லை’.

நான் அங்கிருந்து விலகி இரண்டு வருடம் ஆகிறது. அவர் இன்னமும் அங்கேதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் என் போனில் ஒரு செய்தி வரும். ‘லைன் 3 ஓடுது. சரோஜா திட்டிகினு கீது. நான் நல்லா கீறேன். காலை 6:14 நெலவரம்.’ நானும் நலம் என்று ஒரு முறை பதில் போட்டேன். ஒரு நிமிடத்தில் கேள்வி வந்தது: ‘எப்ப நெலவரம்?’ அதன் பிறகு நானும் நேரம் போட்டுத்தான் அனுப்புகிறேன்.

நெலவரம் எப்படி இருக்கிறார் என்று பழைய நண்பர்கள் கேட்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை ஆறு பதினாலுக்கு நன்றாக இருந்தார். இன்று வியாழன். ஆறு நாள் பழைய நிலவரத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி நிம்மதியாகத் தூங்குவது? நாளைக்கு விடிய வேண்டும்.